"கிரேடு 3" என்றால் என்ன? துறைக்குத் துறை மாறும் தரம் பிரிப்பின் பொருளும் முறையும்

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் என் அம்மாவின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து ஊசி மூலம் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம். முடிவுத் தாளை வாங்கி வந்த என் தம்பி, அதில் "கிரேடு 3" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு ஆய்வக வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நோய் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. மூன்றாம் நாள் மருத்துவரைப் பார்த்தபோது, கட்டி 2 சென்டிமீட்டருக்கும் குறைவு என்றும், அக்குள் நெறிக்கட்டிகளில் பரவியதற்கான அடையாளம் ஸ்கேனில் இல்லை என்றும், இப்போது தெரிந்தவரை இது முதல் கட்டம்தான் என்றும் சொன்னார். அந்த 3 எதைக் குறிக்கிறது என்று கேட்டேன். "அது வேறு, இது வேறு" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் அம்மா பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் 22 ஆண்டுகள் பருப்புத் தரம் பிரித்தவர். எங்கள் வீட்டில் "கிரேடு" என்ற சொல் சோறு, குழம்பு போலப் புழங்கிய சொல். அங்கே 180, 210, 240, 320, 450 என்று எண்கள் உண்டு. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கிறது என்பதே அந்த எண். ஆகவே எண் கூடக் கூடப் பருப்பு சிறிதாகும், விலை இறங்கும். பள்ளிக்கூடத்தில் எண் கூடினால் நல்லது, முந்திரியில் எண் குறைந்தால் நல்லது, என் அம்மாவின் தாளில் இருக்கும் எண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இங்கே பல தொழில்களில் இருப்பவர்கள் எழுதுகிறீர்கள். உங்கள் துறையில் கிரேடு அல்லது தரம் என்றால் எதை அளக்கிறார்கள், யார் அளக்கிறார்கள், எதை வைத்து அளக்கிறார்கள் என்று விரிவாகச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நுண்ணோக்கி எழுதியது:

சகோதரி, நான் நோய்க்குறியியல் மருத்துவர். அந்தத் தாள்களில் கையெழுத்து இடுபவர்களில் நானும் ஒருத்தி என்பதால் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

கட்டம் என்பது நோய் உடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது. கிரேடு என்பது அந்த உயிரணுக்கள் தாம் பிறந்த திசுவின் இயல்பான சாயலிலிருந்து எவ்வளவு விலகிவிட்டன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைச் சொல்வது. முன்னதை அளவு நாடாவும் ஸ்கேனும் நெறிக்கட்டிப் பரிசோதனையும் தீர்மானிக்கின்றன. பின்னதைக் கண்ணாடிச் சில்லில் சாயமேற்றிய மெல்லிய சதைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து நாங்கள் தீர்மானிக்கிறோம்.

மார்பகப் புற்றுக்கு உலகெங்கும் பெரும்பாலும் நாட்டிங்காம் முறையைப் பின்பற்றுகிறார்கள். அதில் மூன்று கேள்விகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். முதல் கேள்வி, உயிரணுக்கள் இன்னும் குழாய் வடிவம் அமைக்கின்றனவா என்பது. கட்டியில் 75 விழுக்காட்டுக்கு மேல் குழாய் வடிவம் இருந்தால் 1, 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் 3. இரண்டாவது, உட்கருக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபட்டுப் பெருத்திருக்கின்றன என்பது. மூன்றாவது, பிளவுபட்டுக்கொண்டிருக்கும் உயிரணுக்களைப் பெரிதாக்கிய பத்துப் பார்வைப் புலங்களில் எண்ணுவது. கூட்டுத்தொகை 3 முதல் 5 வரை இருந்தால் கிரேடு 1, 6 அல்லது 7 என்றால் கிரேடு 2, 8 அல்லது 9 என்றால் கிரேடு 3. உங்கள் அம்மாவின் தாளில் இந்த மூன்று எண்களும் சிறிய எழுத்தில் தனித்தனியாக இருக்கக்கூடும், பாருங்கள்.

இவற்றில் முதலிரண்டும் பயிற்சி பெற்ற கண்ணின் தீர்ப்புகள். மூன்றாவது எண்ணிக்கைதான் என்றாலும், நுண்ணோக்கிக்கு நுண்ணோக்கி பார்வைப் புலத்தின் விட்டம் மாறுவதால், எத்தனைக்கு மேல் 2, எத்தனைக்கு மேல் 3 என்ற எல்லையும் கருவிக்கேற்ப மாறும். அதற்கென்று அட்டவணை வைத்திருக்கிறோம். கிரேடு 3 என்பது வேகமாக வளரும் தன்மையைக் காட்டுகிறது என்பதை மறைக்கக்கூடாது. அதே நேரம் அது நோய் பரவிவிட்டது என்று பொருள்படாது. "அது வேறு, இது வேறு" என்று உங்கள் மருத்துவர் சொன்னதிலும் ஒரு சிறு திருத்தம் உண்டு: புற்றுநோய்க்குக் கட்டம் வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக்குழு 2018 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த எட்டாம் பதிப்பில், கிரேடையும் ஹார்மோன் ஏற்பிகளின் நிலையையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு கட்டமுறையும் இருக்கிறது. ஆக இரண்டும் வெவ்வேறு அளவைகள், ஆனால் சிகிச்சை முடிவில் ஒன்றாக உட்காருபவை.

எண்கள் திசைமாறிப் படிக்கப்படுவது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுக்கு கிளீசன் மதிப்பெண் என்று ஒன்று உண்டு. திசு வடிவங்களில் முதன்மையானதற்கும் இரண்டாவதற்கும் தனித்தனியே இட்ட எண்களைக் கூட்டி 2 முதல் 10 வரை போகும் அந்த அளவையில், இன்றைய வழக்கப்படி ஊசித் துணுக்கில் புற்று என்று சொல்லும் மிகக் குறைந்த மதிப்பெண்ணே 6. பத்துக்கு ஆறு என்று படிக்கும் நோயாளி நடுத்தர ஆபத்து என்று நினைத்து நடுங்குகிறார், உண்மையில் அதுதான் அடிமட்டப் படி. மூன்றும் நான்கும் சேர்ந்த ஏழுக்கும், நான்கும் மூன்றும் சேர்ந்த ஏழுக்கும் வேறுபாடு உண்டு என்பதும் கூட்டுத்தொகையில் மறைந்துவிடுகிறது. இதனாலேயே 2014 இல் உலக நிபுணர்கள் கூடி, 1 முதல் 5 வரையிலான புதிய குழுக்களை வகுத்தார்கள். பழைய 6 இப்போது குழு 1. நோயில் மாற்றமில்லை, எண்ணை மட்டும் நோயாளி படிக்கும் திசைக்குத் திருப்பி வைத்தார்கள்.

மணற்சல்லடை எழுதியது:

அம்மா நலம் பெற வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். நான் கட்டடப் பொறியாளர். எங்கள் துறையில் கிரேடு என்ற ஒரே சொல்லுக்குக் குறைந்தது நான்கு பொருள்கள் உண்டு.

சிமென்ட் மூட்டையில் 43, 53 என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் "53 தான் உயர்ந்த சிமென்ட்" என்று படிக்கிறார்கள். ஒரு பங்கு சிமென்ட்டும் மூன்று பங்கு மணலும் கலந்து, பக்கத்துக்கு 70.6 மில்லிமீட்டர் உள்ள கனசதுரங்களாக வார்த்து, 28 நாள் கழித்து இயந்திரத்தில் வைத்து நசுக்கும்போது, ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 53 நியூட்டன் தாங்க வேண்டும் என்பதே அந்த எண்ணின் பொருள். 70.6 என்ற விசித்திரமான அளவு ஏன் என்றால், அப்போதுதான் ஒரு முகத்தின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர சென்டிமீட்டர் வரும். அந்தச் சோதனைக்கு நாடு முழுவதும் பயன்படுத்துவது நம் சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூர் மணல் என்பதை மாணவர்களிடம் சொல்லும்போது எனக்கு இன்றும் ஒரு பெருமிதம் உண்டு. அந்த மணலையும் 2 முதல் 1 மில்லிமீட்டர் வரை, 1 முதல் அரை மில்லிமீட்டர் வரை, அதற்குக் கீழே என மூன்று கிரேடுகளாகச் சலித்துச் சம பங்கு சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். அதாவது ஒரு கிரேடை அளக்க இன்னொரு கிரேடு தேவைப்படுகிறது. பூச்சுவேலைக்கு 53 வாங்கிவிட்டு, நீராற்றுவதையும் குறைத்து, பிறகு சுவரில் முடி போல வெடிப்பு ஓடுகிறதே என்று கேட்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எண் வலிமையைச் சொல்கிறது, வேலைக்குப் பொருந்துவதைச் சொல்லவில்லை.

கம்பியிலும் இதே நிலைதான். 500 என்பது கம்பி எவ்வளவு இழுவிசைக்குப் பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பாமல் போகும் என்பதைக் குறிக்கும் எண். அதோடு "டி" என்ற எழுத்து சேர்ந்தால் வளையும் தன்மை அதிகம் என்று பொருள். சாதாரண 500 கம்பி அறுவதற்கு முன் 12 விழுக்காடு நீண்டால் போதும், 500டி 16 விழுக்காடு நீள வேண்டும். நிலநடுக்கத்தில் வீட்டைக் காப்பாற்றுவதில் அந்த ஓர் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கடையில் எல்லாரும் எண்ணை மட்டும் கேட்கிறார்கள்.

நான் மிகவும் சொல்ல விரும்புவது மணலைப் பற்றி. 4.75 மில்லிமீட்டரில் தொடங்கி 150 மைக்ரான் வரை சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்தட்டில் மணலைக் கொட்டிக் குலுக்கி, ஒவ்வொரு தட்டிலும் தங்குவதை எடை போடுவோம். எல்லா அளவும் அளவாகக் கலந்திருந்தால் அதை நன்கு கிரேடு ஆன மணல் என்போம், ஏனென்றால் பெரிய துகள்களின் இடுக்கைச் சிறியவை நிரப்பும், சிமென்ட் குறைவாகச் செலவாகும். எல்லாத் துகளும் ஒரே அளவில் இருந்தால் அது மோசமாகக் கிரேடு ஆன மணல். முந்திரி ஆலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அங்கே ஒரே அளவாக இருப்பதற்குத்தானே காசு. நிலவியல் படித்த என் நண்பர் ஒருவர், காற்றோ அலையோ புடைத்து எடுத்த கடற்கரை மேட்டு மணலை "மிக நன்றாகப் பிரிக்கப்பட்டது" என்று எழுதுவார். அதே மணலை என் ஏட்டில் "மோசம்" என்று எழுதுவேன். இருவரும் ஒரே சல்லடையைத்தான் குலுக்குகிறோம். அவர் மணலின் பயணத்தைக் கேட்கிறார், நான் அதன் இடுக்குகளைக் கேட்கிறேன்.

நான்காவது பொருள் தரைமட்டம் அல்லது சரிவு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலின் உச்சச் சரிவு ஏறத்தாழ பன்னிரண்டுக்கு ஒன்று என்று சொல்லும்போதும் நாங்கள் கிரேடு என்றே சொல்கிறோம். அங்கே நல்லது கெட்டது என்ற பேச்சே இல்லை.

குன்னூர்மேடு எழுதியது:

மலை ரயில் வந்துவிட்டதால் நானும் வருகிறேன். தேயிலை ஆலையில் சலிப்பறை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

தேயிலையில் கிரேடு என்பது சல்லடைக் கண்ணின் அளவைத் தவிர வேறொன்றுமில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓ.பி. (ஆரஞ்சு பீக்கோ), பி.ஓ.பி. (உடைந்த ஆரஞ்சு பீக்கோ), ஃபேனிங்ஸ், டஸ்ட் என்று இறங்கும் பெயர்கள், காய்ந்த இலைத் துணுக்கு எந்தச் சல்லடையில் தங்கியது என்பதைக் குறிக்கின்றன. டஸ்ட் என்றதும் கீழே கிடந்த தூசியைக் கூட்டி அள்ளியது என்று நகரத்தில் படித்தவர்களே நம்புகிறார்கள். அதே கொழுந்து, அதே வாட்டல், அதே உலர்த்தி. துணுக்கு சிறிதாக இருப்பதால் வெந்நீர் படும் பரப்பு அதிகம், சாறு விரைவாக இறங்குகிறது. டீக்கடையில் துணி வடிகட்டியில் ஒரு கொதி ஊற்றி அரை நிமிடத்தில் நிறமும் கடுப்பும் வேண்டும் என்றால் டஸ்ட்தான் வேலை செய்யும், முழு இலை அங்கே தோற்றுப்போகும்.

சுவையைத் தீர்மானிப்பது தனியாக நடக்கும். நீண்ட மேசையில் வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். பன்னாட்டுத் தர அமைப்பு இதற்கென்று 1980 இல் வகுத்த முறையில் 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்று இருக்கிறது. சுவைப்பவர் ஒரு கரண்டி எடுத்துக் காற்றோடு உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார். ஊறிய இலையின் செம்பு நிறத்தையும் பார்ப்பார், மூக்கருகே வைத்து முகர்ந்தும் பார்ப்பார். அவர் சொல்வதே விலையின் அடிப்படை. ஆக ஒரே மூட்டைக்கு இரண்டு தீர்ப்பு: ஒன்று சல்லடை சொன்னது, மற்றது நாக்கு சொன்னது. மூட்டையின் மேல் அச்சாவது சல்லடையின் தீர்ப்பு மட்டும்.

போடி ஏலக்காய் எழுதியது:

குன்னூர் ஐயாவின் கருத்தில் ஓரிடத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. அளவைத் தரத்திலிருந்து முழுக்கப் பிரித்துவிட முடியாது. ஏலக்காயில் 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காய்க்கு அக்மார்க் விதிப்படி மிக உயர்ந்த பச்சைக் கிரேடு என்றால், அந்தச் சல்லடையோடு நிறுத்துவதில்லை. ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி எடை போட்டால் குறைந்தது 435 கிராம் நிற்க வேண்டும். தோல் பெருத்து உள்ளே விதை சூம்பிய காய் சல்லடையில் தேறிவிடும், லிட்டர் எடையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே எங்கள் முன்னோர் அளவை மட்டும் நம்பவில்லை, அளவு எதற்கு அடையாளமாக நிற்கிறதோ அதையும் சேர்த்துச் சோதிக்க ஒரு படி வைத்தார்கள். காய் பருமனாக இருப்பது பொதுவாக நன்றாக முற்றியதன் அடையாளம். அடையாளம் பொய்க்கக்கூடிய இடத்தில் இரண்டாவது அளவை தேவை. 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் அக்மார்க் கிரேடுகள் பலவற்றிலும் இப்படி இரண்டு மூன்று அளவைகள் கோத்திருப்பதைக் காணலாம்.

குன்னூர்மேடு எழுதியது:

போடி நண்பர் சொல்வதை ஏற்கிறேன். எங்கள் கிரேடில் அந்த இரண்டாவது அளவை பெயருக்குள் வராமல் மேசையில் தங்கிவிட்டதுதான் குறை.

குலசேகரம் எழுதியது:

ரப்பரில் இரண்டு முறையும் இன்று பக்கம் பக்கமாக இருக்கின்றன. புகையூட்டிய தாள் ரப்பரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குமிழ், பூஞ்சை, கறை, மரத்தூள் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து 1 முதல் 5 வரை பிரிப்போம். எங்கள் பக்கத்தில் நாளேட்டில் வரும் விலை பெரும்பாலும் நான்காம் கிரேடுக்குத்தான். கட்டி ரப்பருக்குக் கண் தேவையில்லை. ஆய்வகத்தில் அழுக்கின் அளவைச் சோதித்து, 0.05 விழுக்காட்டுக்குள் என்றால் 5, 0.20 விழுக்காட்டுக்குள் என்றால் 20 என்று பெயரிடுகிறார்கள். இரண்டிலும் எண் குறைந்தால் நல்லது. கண்ணால் பிரிப்பவர்கள் வயதாகி ஓய்ந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குப் பின் அந்தக் கை யாருக்கும் வரவில்லை என்பது என் கவலை.

டெல்டா உழவன் எழுதியது:

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன் குவியலைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நெல்லுக்கு இரண்டே கிரேடு, சன்ன ரகமான ஏ கிரேடும் பொது ரகமும். அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.5 அல்லது அதற்கு மேல் வர வேண்டும், அதுதான் ஏ. 2025-26 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த ஆதரவு விலை பொது ரகத்துக்குக் குவிண்டால் 2369 ரூபாய், ஏ கிரேடுக்கு 2389 ரூபாய். இருபது ரூபாய் வேறுபாட்டுக்காக யாரும் தூக்கம் கெடுவதில்லை. எங்கள் தூக்கத்தைக் கெடுப்பது கிரேடு அன்று, வாசல். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மேலே இருந்தால் எந்தக் கிரேடும் கிடையாது.

குறுவை அறுவடை அக்டோபரில் மழையோடு மழையாக வரும். அன்று மாலை என் நெல்லில் ஒரு கைப்பிடி எடுத்துக் கருவியில் போட்டபோது 19.4 காட்டியது. தார்ப்பாயை விரித்து, வெயில் எட்டிப் பார்த்த மணிகளில் எல்லாம் காலால் கிளறிவிட்டு, மூன்றாம் நாள் 17.2 வரை இறக்கினேன். அன்று இரவு மறுபடியும் மழை. குவியலின் அடியில் கையை விட்டபோது சூடு தெரிந்தது, எடுத்துப் பார்த்தால் வெள்ளை முளை. முளைத்ததும் நிறம் மாறியதும் சேதமானதும் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது இன்னொரு வாசல். ஈரத்தின் வாசலில் நிற்க வைத்ததால் முளையின் வாசலில் விழுந்தேன்.

விதி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஈர நெல்லை மூட்டை கட்டினால் கிடங்கில் பூசணம் பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். எண்ணுக்கு ஒரு பக்கம் முழு விலை, மறுபக்கம் ஒன்றுமில்லை என்று வைப்பதைவிட, ஈரத்துக்கேற்ப எடையைக் கழித்து வாங்கிக்கொண்டு உலர்த்தும் இயந்திரத்தை நிலையத்திலேயே வைத்தால், அளவை இருந்த இடத்திலேயே இருக்கும், உழவனும் பிழைப்பான். படி இருக்க வேண்டிய இடத்தில் சுவர் நிற்கிறது என்பதுதான் என் முறையீடு.

வடமராட்சி ஆசிரியர் எழுதியது:

எங்கள் நாட்டில் இந்தச் சொல் உங்களுடையதைவிடக் கனமானது. இலங்கையில் தரம் என்றால் முதலில் வகுப்பு என்று பொருள். பிள்ளை "தரம் 5 இல் படிக்கிறான்" என்போம், அந்த வகுப்பில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையும் அந்தப் பெயராலேயே வழங்குகிறது. அதன்பின் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரம், உயர்தரம் என்று இரண்டு பரீட்சைகள். பெறுபேறு ஏ, பி, சி, எஸ் என்று வரும்போது அதுவும் தரமே.

ஆனால் "தரப்படுத்தல்" என்று சொன்னால் எங்கள் வீடுகளில் பெரியவர்கள் வேறொன்றை நினைப்பார்கள். 1971 ஆம் ஆண்டு பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாக இருந்தன, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டன. பின்னர் மொழிவாரியாகப் புள்ளிகளைச் சமப்படுத்தும் முறையும், 1974 முதல் மாவட்டப் பங்கீடும் வந்தன. வெவ்வேறு மொழியில், வெவ்வேறு பரீட்சகர் திருத்திய தாள்களை ஒப்பிடுவதற்குப் புள்ளியியலில் ஒரு முறை இருப்பது உண்மை. அந்த முறையின் பெயரைச் சூட்டி, ஒரு பகுதியினரின் வாசலை உயர்த்தினார்கள் என்பதே எங்கள் தலைமுறையின் அனுபவம். என் மூத்த அண்ணர் அந்த ஆண்டுகளில் சோதனை எழுதினவர். தனது புள்ளிகளை அவர் இன்றும் மனப்பாடமாகச் சொல்லுவார், யாரும் கேட்பதில்லை என்றாலும்.

இப்போது 2001 முதல் இசட் புள்ளி நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து பரவியிருக்கும் அளவால், வகுத்து, மூன்று பாடங்களுக்கும் எடுத்த சராசரிதான் அது. கடினமான பாடத்தை எடுத்தவர் நட்டப்படாமல் இருக்க இது நல்ல முறை என்றே நான் கருதுகிறேன். எவரை ஒரே கூட்டமாகக் கொள்கிறோம் என்பதில் பிழை விட்டால் இதுவும் பிழைக்கும். 2011 இல் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டு, வழக்கு எங்கள் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போய், 2012 இல் தனித்தனியாக மீண்டும் கணக்கிட வேண்டி வந்தது.

கோவை விரிவுரையாளர் எழுதியது:

வடமராட்சி ஐயாவின் பதிவைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுத முடியவில்லை. ஒரு கருத்தை மட்டும் முன்வைக்கிறேன். இதுவரை பேசிய முந்திரியும் சிமென்ட்டும் ரப்பரும் நிலையான அளவைக்கு முன் நிற்பவை. பக்கத்து மூட்டை எப்படி இருந்தாலும் என் மூட்டையின் கிரேடு மாறாது. ஒப்பீட்டு முறையில் மதிப்பிடும் கல்லூரிகளில், வகுப்பின் சராசரியும் விலகலும் சேர்ந்து என் மாணவியின் எழுத்தைத் தீர்மானிக்கின்றன. வினாத்தாள் கடினமாக அமைந்துவிட்டால் வகுப்பே தண்டிக்கப்படாமல் காப்பது இதன் நன்மை. ஆனால் எல்லாரும் நன்றாகப் படித்த ஆண்டில் ஒருவர் கட்டாயம் கீழே நிற்க வேண்டும் என்பது இதன் கொடுமை. பாலத்தைக் கட்டப்போகும் மாணவருக்கும் ஊசி போடப்போகும் மாணவருக்கும் நிலையான அளவையே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. இடங்கள் குறைவாகவும் விண்ணப்பங்கள் அதிகமாகவும் உள்ள நுழைவில் மட்டும் ஒப்பீட்டுக்கு நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் 2017 இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவிலான தரவரிசையை அறிவிப்பதை நிறுத்தினார்கள். அதன்பின் மதிப்பெண் தாளின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

திருப்பூர் வடிவமைப்பு எழுதியது:

சுருக்கமாக ஒன்று. எங்கள் ஊரில் பேட்டர்ன் மாஸ்டரிடம் கிரேடிங் என்றால், நடுத்தர அளவுச் சட்டைக்கு வெட்டிய அட்டையிலிருந்து சிறியதும் பெரியதுமான மற்ற அளவுகளை வரைந்தெடுப்பது. எதையும் தாழ்த்துவதோ உயர்த்துவதோ இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே அளவு கூட்டினால் சட்டை கெட்டுவிடும். மார்புச் சுற்று கூடும் அளவுக்குக் கழுத்து கூடாது, தோள் இன்னும் குறைவாகக் கூடும். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி விதி எழுதிவைத்திருப்போம். சினிமாவில் கலர் கிரேடிங் என்பதும் இப்படித்தான், ஒரே காட்சியின் துண்டுகள் வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்திருந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டுமாறு நிறத்தைச் சரிசெய்வது.

உரைகல் எழுதியது:

நகைத் தொழிலில் நம்மிடமே ஒரு நல்ல சொல் இருந்தது, அது மாற்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்றால், உரைகல்லில் உரசிய கோட்டைத் தெரிந்த மாற்றுள்ள ஆணிகளின் கோடுகளோடு ஒப்பிட்டுச் சொன்ன தீர்ப்பு. இன்றைய 916 என்பது ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்பதைச் சொல்கிறது, 22ஐ 24ஆல் வகுத்தால் வருவது. மாற்று என்ற சொல்லைக் கேட்டதும் எதை அளக்கிறோம் என்பது தெரிந்துவிடும். தரம் என்ற சொல்லுக்கு அந்தத் தெளிவு இல்லை, எல்லாப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றிவிட்டோம். மருத்துவத் தாளுக்குத் தரம் என்ற சொல்லே வேண்டாம் என்று நினைக்கிறேன். "மூன்றாம் தரப் புற்று" என்று கேட்கும் எவருக்கும் வசைபோல ஒலிக்கும்.

நுண்ணோக்கி எழுதியது:

உரைகல் ஐயா, நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். "உயிரணு மாறுபாட்டுப் படி: மூன்றில் 3. இது பரவலின் கட்டத்தைக் குறிக்காது" என்று ஒரு வரியைத் தமிழில் என் முடிவுத் தாள்களின் அடியில் சேர்க்க எங்கள் ஆய்வகத்தில் கேட்டிருக்கிறேன். மூன்றில் என்பதை எழுதுவது முக்கியம், ஏனென்றால் ஏணியில் எத்தனை படி என்று தெரியாமல் எந்தப் படியில் நிற்கிறோம் என்று சொல்வதில் பயனில்லை.

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு இந்தப் பதிவுகளை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தாளில் அந்த மூன்று எண்களும் இருந்தன: 3, 3, 2. மொத்தம் 8. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். மணல் பற்றிய பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். ஆலையில் வடக்குப் பக்கச் சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பிரிப்பார்களாம். வெள்ளைப் பருப்புக்கும் லேசாகக் கருகியதற்கும் உள்ள வேறுபாடு மாலை நான்கு மணிக்கு மேல் கண்ணுக்குப் பிடிபடாது என்பதால், மாலையில் பிரித்த தட்டுகளை மறுநாள் காலை வேறொருத்தி பார்த்த பிறகுதான் டப்பாவில் அடைப்பார்களாம். "நான் இருபத்திரண்டு வருசம் பார்த்திருக்கிறேன், என் தட்டையும் இன்னொருத்தி பார்த்தாள். என் சதையை இரண்டாவது ஆள் பார்த்தாரா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நுண்ணோக்கி அம்மாதான் சொல்ல வேண்டும்.

நுண்ணோக்கி எழுதியது:

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மிகச் சரியான கேள்வி. சில இடங்களில் இரண்டு மருத்துவர்கள் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள், பல இடங்களில் ஒருவர் மட்டுமே. தாளின் அடியில் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுதான் இருந்தால், பரிசோதனை செய்த ஆய்வகத்தில் எழுத்து மூலம் கேட்டு, சதைத் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் வாங்கி, வேறொரு மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில் மறுபார்வைக்குக் கொடுங்கள். நோயாளி இதைக் கேட்பது வழக்கமான ஒன்று, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சில்லுகள் உடையாமல் இருக்க மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் கேளுங்கள். மெழுகுக் கட்டிகளை வெயில் படும் இடத்திலோ நிறுத்திய காரிலோ வைத்துவிடாதீர்கள், உருகிவிடும். வாங்கும்போது அவற்றில் எழுதியிருக்கும் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். அதை அம்மாவே பார்க்கட்டும்.